பைசாந்தியக் காசும் சிங்கப்பூர் ஈரமும் – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் தேய்ந்துபோன பைசாந்தியச் செப்புக் காசுகளைச் சேர்ப்பது பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். அந்தக் கட்டுரையைப் படிக்காதவர்களுக்கு: ரோமப் பேரரசின் கிழக்குப் பாதி, கான்ஸ்டான்டினோபிளைத் தலைநகராகக் கொண்டு 1453 வரை ஆண்டது. அதைத்தான் பைசாந்தியம் என்கிறோம். அந்த நகரம் இன்றைய இஸ்தான்புல். அங்கே கடைத்தெருவில் புழங்கிய செப்புக் காசுகள் இன்றும் ஏராளமாகக் கிடைக்கின்றன. நான் பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அதனால் என் பதில்களில் உப்பும் அமிலமும் கொஞ்சம் கூடுதலாகவே வரும்.

சுத்தம் செய்யாத பத்துக் காசுகளை வெளிநாட்டு விற்பனையாளரிடமிருந்து வரவழைத்தேன். மண்ணும் பச்சையுமாக ஒட்டிக் கிடக்கின்றன. புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும் என்கிறார் அம்மா. செய்யலாமா?
– வாசகர், உட்லண்ட்ஸ்

வேண்டாம். அம்மா சொல்வது குத்துவிளக்குக்கும் பித்தளைச் சொம்புக்கும் சரி. அவற்றில் கறுப்பு மேலாக மட்டும் படிந்திருக்கும், அடியில் உலோகம் முழுசாக இருக்கும். புளியில் உள்ள அமிலம் அந்தக் கறுப்பைக் கரைத்துவிட்டு நின்றுவிடும். ஆயிரத்து நானூறு வருஷம் மண்ணில் கிடந்த காசு அப்படி இல்லை. அதன் மேல்தோலே களிம்பாக மாறியிருக்கிறது. பேரரசரின் மூக்கும், கிரீடத்தின் முத்துக்களும், எழுத்துகளும் இப்போது அந்தக் களிம்பில்தான் இருக்கின்றன. அதைக் கரைத்தால் குழி விழுந்த இளஞ்சிவப்புச் செம்புத் தகடுதான் மிஞ்சும். புளி, எலுமிச்சை, வினிகர், பிராஸோ எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். மின்சாரம் பாய்ச்சிச் சுத்தம் செய்யும் முறையையும் தொடாதீர்கள்.

நீக்க வேண்டியது மண்ணை மட்டும். அதற்குக் காய்ச்சி வடித்த நீர் போதும். மருந்துக் கடையில் கேளுங்கள், அல்லது கார் பேட்டரிக்கு ஊற்ற விற்கிறார்களே, அதை வாங்குங்கள். மினரல் வாட்டர் கூடாது. நம் குழாய்த் தண்ணீர் குடிக்க அருமையான தண்ணீர்தான், ஆனால் அதில் குளோரைடு இருக்கிறது. ஆய்வகத்தில் சில்வர் நைட்ரேட்டை ஒரு சொட்டு விட்டால் குழாய்த் தண்ணீர் வெள்ளையாகக் கலங்கும், வடித்த நீர் தெளிவாகவே நிற்கும். செப்புக் காசுக்குக் குளோரைடு என்ன செய்யும் என்பதைக் கீழே மூன்றாவது கேள்வியில் சொல்கிறேன்.

காசுகளைக் கண்ணாடிப் பாத்திரத்தில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, வடித்த நீரை ஊற்றி மூடி வையுங்கள். முதல் வாரம் தினமும் நீரை மாற்றுங்கள், அப்புறம் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை போதும். மீன் தொட்டிக் கடைகளில் டிடிஎஸ் மீட்டர் என்று ஒன்று விற்கிறார்கள். தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் சின்னக் கருவி. நீரை மாற்றும் முன் அதைவைத்து அளந்து பாருங்கள். எண் ஏறிக்கொண்டே இருந்தால் காசிலிருந்து உப்பு இன்னும் வெளியே வருகிறது என்று அர்த்தம். புது நீரில் பல நாள் கிடந்தும் எண் ஏறவில்லை என்றால் ஊறியது போதும். இதற்குச் சில வாரங்கள் ஆகலாம், சில காசுக்கு மாதங்களும் ஆகும்.

மண் இளகிய பிறகு மிருதுவான பல் துலக்கும் பிரஷ். அதற்குப் பிடிகொடுக்காத இடத்துக்கு சாத்தே குச்சி. ஆமாம், சாத்தே குத்திச் சுடும் அதே மூங்கில் குச்சிதான். நுனியைச் சீவிக் கூராக்கி, தண்ணீரில் நனைத்து, பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லூப்பில் பார்த்தபடி வேலை செய்யுங்கள். மூங்கில் மண்ணைவிடக் கடினம், நல்ல களிம்பைவிட மிருது. அதனால் பெரும்பாலும் மண்தான் உதிரும். எஃகு ஊசி எதையும் விட்டுவைக்காது, அதைக் கையில் எடுக்காதீர்கள்.

மண்ணையும் களிம்பையும் பிரித்தறிவதுதான் இந்த வேலையின் உயிர். மண் மங்கலாக, சொரசொரப்பாக இருக்கும், குச்சியால் அழுத்தினால் பொடியாகும். களிம்பு கண்ணாடிபோல் வழவழவென்றிருக்கும், குச்சி அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகும். ஓர் எழுத்தின் கால் மட்டும் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காலின் மேல் குச்சியை வைக்காதீர்கள். அதன் அருகில் உள்ள பள்ளத்தில் வைத்து மண்ணை எழுத்திலிருந்து வெளிப்புறமாகத் தள்ளுங்கள். காலின் ஓரம் கூர்மையாகத் தெரியத் தொடங்கியதும் அடுத்த இடத்துக்குப் போங்கள். எழுத்தைப் படிக்க முடிந்துவிட்டால் அந்தக் காசில் வேலை முடிந்தது. பள்ளத்தில் கொஞ்சம் பழுப்பு மண் தங்கியிருந்தால் இருக்கட்டும். அது எழுத்தை எடுப்பாகக் காட்டவே செய்யும்.

ஆலிவ் எண்ணெயில் ஊறப்போடும் வழக்கமும் உண்டு. எண்ணெயில் இருக்கும் அமிலம் மெல்ல மெல்லக் களிம்பையும் தின்னும், காசையும் கறுக்கடிக்கும். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உங்கள் கட்டுரை வருவதற்கு முன்பே ஒரு காசை வினிகரில் ராத்திரி முழுக்கப் போட்டுவிட்டேன். இப்போது புதுச் செம்புபோல் சிவப்பாக இருக்கிறது. பழைய நிறத்தைக் கொண்டுவர வழி உண்டா?
– வாசகி, பொத்தோங் பாசிர்

போன களிம்பு திரும்பாது. கறுப்பாக்கும் மருந்துகள் விற்கிறார்கள், பூசினால் பார்வைக்குப் பழசுபோல் இருக்கும். நாளைக்கு அந்தக் காசு வேறொருவர் கைக்குப் போனால் அவர் ஏமாறுவார். அதனால் அப்படியே விடுங்கள். வடித்த நீரில் சில நாள் ஊறவைத்து மிச்ச அமிலத்தை வெளியேற்றி, நன்றாக உலர்த்தி வையுங்கள். சிவப்பு தானாகப் பழுப்பாக மாறும், வருஷங்கள் ஆகும்.

சுத்தம் செய்து பெட்டியில் வைத்த காசில் வெளிறிய பச்சைப் பொடி பூக்கிறது. துடைத்தால் போகிறது, திரும்ப வருகிறது. பூஞ்சையா?
– வாசகர், பொங்கோல்

பூஞ்சை இல்லை. சேகரிப்பவர்கள் இதை வெண்கல நோய் என்பார்கள். நம் ஊரில் காசு சேர்க்கும் யாரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இதுதான். ஐரோப்பாவில் இருப்பவர்கள் எழுதிய குறிப்புகளைப் பார்த்து இங்கே செய்தால் பாதிதான் பலன் கிடைக்கும், ஏனென்றால் அவர்களுக்கு நம் ஈரம் இல்லை.

மண்ணில் கிடந்த காலத்தில் உப்பிலிருந்த குளோரைடு செம்போடு சேர்ந்து, காசின் உள்ளே குப்ரஸ் குளோரைடாகத் தங்கிவிடுகிறது. காசு வறண்டிருக்கும் வரை அது தூங்கும். காற்றில் ஈரமும் ஆக்சிஜனும் கிடைத்தால் எழுந்துகொள்ளும். நீங்கள் பார்க்கும் பச்சைப் பொடியும், கூடவே ஹைட்ரோகுளோரிக் அமிலமும் உண்டாகின்றன. அந்த அமிலம் பக்கத்திலிருக்கும் நல்ல செம்பை அரித்து மறுபடி குளோரைடாக்குகிறது. அதிலிருந்து மறுபடி பொடி, மறுபடி அமிலம். துடைத்தாலும் திரும்பத் திரும்ப வருவது இதனால்தான். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 40 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் இது அடங்கிக் கிடக்கும். சிங்கப்பூரின் சராசரியோ 80 விழுக்காட்டுக்கும் மேல். மழை நாளில் சன்னலைத் திறந்து வைத்தால் எவ்வளவு ஏறும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நல்ல களிம்பையும் இந்த நோயையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கரும்பச்சையாக, கெட்டியாக, குச்சிக்கு அசையாமல் இருப்பது நல்ல களிம்பு, அதனால் ஆபத்து இல்லை. வெளிறிய பச்சையில், குச்சி பட்டாலே உதிரும் பொடியாக, அடியில் சின்னக் குழியோடு இருந்தால் நோய்.

அந்தக் காசை மற்றவற்றோடு ஊறவைக்காமல் தனியாக எடுத்து வையுங்கள். குச்சியால் பொடியைக் குழியின் அடிவரை எடுத்துவிட்டு, சோடியம் செஸ்கிகார்பனேட் கரைசலில் ஊறப்போட வேண்டும். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சலவை சோடாவும் சமையல் சோடாவும் சேர்ந்ததுதான் அது. ஒரு லிட்டர் வடித்த நீருக்கு இரண்டும் சேர்ந்து 50 கிராம், அதில் சலவை சோடா கொஞ்சம் கூடுதல். வாரம் ஒருமுறை கரைசலை மாற்றுங்கள். நீர் லேசாக நீலமாகலாம், அப்படியானால் களிம்பும் கொஞ்சம் கரைகிறது என்று பொருள், அதனால் கண்காணித்துக்கொண்டே இருங்கள். மாதக்கணக்கில் ஆகும் வேலை இது. முடிந்ததும் வடித்த நீரில் முன்போலவே ஊறவைத்து சோடாவை வெளியேற்றுங்கள்.

உலர்த்துவதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். துண்டில் ஒற்றி எடுத்தால் மேலேதான் காயும், துளைகளுக்குள் நீர் இருக்கும். அசிட்டோனில் சிறிது நேரம் போட்டு எடுத்தால் அது நீரை இழுத்துக்கொண்டு ஆவியாகிவிடும். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் சுத்தமான அசிட்டோனாக இருக்கட்டும், நகப்பூச்சு நீக்கியில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். சன்னல் திறந்திருக்க வேண்டும், அடுப்பு எரியக் கூடாது. காசில் அசிட்டோன் வாடை முழுக்கப் போனபிறகு கேக் சுடும் மின்சார அவனில் 100 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் இன்னும் நல்லது.

பிறகு மெழுகு. ரினைசான்ஸ் வேக்ஸ் என்ற மெழுகைக் கடுகளவு தொட்டுப் பூசி, பஞ்சால் துடைக்கலாம். ஆனால் மெழுகை நம்பிக் காசை மேசைமேல் வைத்துவிடாதீர்கள். புகைப்படக்காரர்கள் லென்ஸ் வைக்கும் டிரை கேபினெட்டின் சின்ன அளவு ஒன்று வாங்குங்கள். அது கட்டுப்படியாகாவிட்டால், இறுக்கி மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் நிறம் மாறும் சிலிகா ஜெல் பொட்டலமும் ஒரு சின்ன ஈரமானியும் போதும். எண் 40-ஐத் தாண்டினால் ஜெல்லைச் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் போடுங்கள். மெல்லிய பிவிசி உறைகள் வேண்டவே வேண்டாம். நாளடைவில் அவையே பிசுபிசுப்பும் அமிலமும் கக்கும். மைலார் உறை கேட்டு வாங்குங்கள்.

என் காசில் ஒரு பக்கம் முகம் அறவே தேய்ந்துவிட்டது. மறுபக்கம் பெரிய 'எம்' எழுத்து, இடப்பக்கம் மேலிருந்து கீழாக 'ஏ என் என் ஓ'. இது யார் காசு என்று கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகர், சுவா சூ காங்

முடியும், முகமே இல்லாமல். எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது.

பேரரசர் அனஸ்தேசியஸ் 498-இல் செப்புக் காசைச் சீர்திருத்தினார். அதுவரை கடைத்தெருவில் நும்மஸ் என்ற பொடிக் காசுதான். ஒரு சாமான் வாங்கப் பை நிறையக் கொண்டுபோக வேண்டும். அவர் பெரிய காசுகளை அச்சடித்து, எத்தனை நும்மஸ் என்பதை அதன் மேலேயே கிரேக்க எழுத்தில் போட்டார். நம் பழைய பஞ்சாங்கங்களில் க, உ என்று எழுத்தையே எண்ணாகப் போட்டிருப்பதுபோல. 'எம்' என்றால் 40, 'கே' 20, 'ஐ' 10, 'இ' 5. உங்களுடையது 40, அதற்கு ஃபோலிஸ் என்று பெயர்.

'ஏ என் என் ஓ' என்பது லத்தீனில் 'ஆண்டில்'. எந்த ஆண்டு என்பது 'எம்'முக்கு வலப்பக்கம் இருக்கும். பேரரசர் பட்டமேறியதிலிருந்து எண்ணிய ஆட்சியாண்டு அது. ஜஸ்டினியன் தம் 12-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 538-539-இல், இந்த வழக்கத்தைச் செப்புக் காசுக்குக் கொண்டுவந்தார். ஆகவே உங்கள் காசு அதற்கு முந்தியது இல்லை. 'எம்'முக்கு இருபுறமும் ஆண்டுக்குப் பதில் நட்சத்திரமோ சிலுவையோ இருந்திருந்தால் அனஸ்தேசியஸ், முதலாம் ஜஸ்டின், அல்லது ஜஸ்டினியனின் தொடக்க வருஷங்கள் பக்கம் தேடச் சொல்லியிருப்பேன்.

இப்போது வலப்பக்கத்து எண்ணைப் படியுங்கள். கைப்பேசி டார்ச்சைக் காசின் ஓரத்தில் படுக்கவைத்தமாதிரி பிடித்து, காசை மெதுவாகச் சுழற்றுங்கள். நேர்வெளிச்சத்தில் தெரியாத கோடு சாய்வெளிச்சத்தில் நிழல் போட்டு எழும்பும். 'எக்ஸ்' ஒன்றுக்குப் பத்து, நிமிர்ந்த கோடு ஒன்றுக்கு ஒன்று. வளைந்த பாம்புபோல் ஓர் எழுத்து வந்தால் அது ஆறு. ஜஸ்டினியன் 527 முதல் 565 வரை ஆண்டவர். இரண்டாம் ஜஸ்டின் 565 முதல் 578 வரை. மாரிஸ் 582 முதல் 602 வரை. ஹெராக்ளியஸ் 610 முதல் 641 வரை. மூன்று 'எக்ஸ்' இருந்தால் ஜஸ்டினியன் அல்லது ஹெராக்ளியஸ் தவிர வேறு ஆள் இல்லை. அந்த இருவரையும் கையில் எடுத்தாலே பிரித்துவிடலாம். ஜஸ்டினியன் காசு பெரிது, கனம், வட்டம் ஒழுங்கு. ஹெராக்ளியஸ் காலத்தில் பாரசீகப் போரில் கஜானா வற்றி, பழைய காசுகளையே வெட்டி அதன் மேல் மறுபடி அச்சடித்தார்கள். ஓரம் கோணல்மாணலாக இருக்கும், புது எழுத்தின் அடியில் பழைய எழுத்தின் வால் எட்டிப் பார்க்கும்.

எண் சின்னதாக இருந்தால் மறுபக்கம் உதவும். முகம் தேய்ந்தாலும் உருவத்தின் எல்லைக்கோடு நிற்கும். சிம்மாசனத்தில் இரண்டு பேர் அருகருகே உட்கார்ந்த நிழல் தெரிந்தால் அது இரண்டாம் ஜஸ்டினும் அவர் மனைவி சோபியாவும்தான்.

கடைசியாக அடிவரி. காசை அச்சடித்த ஊரின் பெயர் அங்கே சுருக்கமாக இருக்கும். 'சி ஓ என்' என்றால் கான்ஸ்டான்டினோபிள், 'என் ஐ கே ஓ' நிகோமீடியா, 'கே ஒய் இசட்' சிசிகஸ். அந்தியோக்கியாவின் கதை மட்டும் கொஞ்சம் சோகமானது. 526-லும் 528-லும் நிலநடுக்கம் அந்த நகரத்தைத் தரைமட்டமாக்கியது. பிறகு அதற்குத் தியோபோலிஸ், கடவுளின் நகரம், என்று பெயர் வைத்தார்கள். காசிலும் அந்தப் புதுப் பெயரே வந்தது. உங்கள் காசில் அந்த எழுத்துகள் இருந்தால், இடிந்த ஊர் மறுபடி எழுந்து நின்றபோது அச்சடித்த காசு அது.

இவ்வளவும் படித்தபிறகு வாஷிங்டனில் உள்ள டம்பர்ட்டன் ஓக்ஸ் நிறுவனத்தின் சேகரிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். படங்களை இணையத்தில் இலவசமாகவே காட்டுகிறார்கள்.

ஒரு பக்கம் ஏசுநாதர் முகம், மறுபக்கம் எழுத்து மட்டும். எந்த அரசர் பெயரும் இல்லை. இது காசா, தேவாலயத்தில் கொடுக்கும் பதக்கமா?
– வாசகி, தெம்பனிஸ்

காசுதான். சுமார் 970 முதல் 1092 வரை பேரரசர்கள் செப்புக் காசில் தங்கள் பெயரையும் முகத்தையும் போடவில்லை. பின்பக்க எழுத்து பெரும்பாலும் 'ஏசு கிறிஸ்து, அரசர்க்கெல்லாம் அரசர்' என்றிருக்கும். ஆண்டும் கிடையாது, அச்சடித்த ஊரும் கிடையாது. எழுத்தின் மேலும் கீழும் உள்ள சின்ன அலங்காரங்களை வைத்துத்தான் வகை பிரிக்கிறார்கள். ஆகவே சாத்தே குச்சியை அங்கே மிகக் கவனமாக வையுங்கள். ஒரு புள்ளி போனாலும் வகை மாறிவிடும்.

நான் உயர்நிலை இரண்டு மாணவி. பாக்கெட் மணியில் இதைத் தொடங்க முடியுமா? நம் தமிழ் மக்களுக்கும் இந்தக் காசுகளுக்கும் தொடர்பு உண்டா?
– மாணவி, ஜூரோங் வெஸ்ட்

தாராளமாகத் தொடங்கலாம் கண்ணு. பத்துப் பன்னிரண்டு சுத்தம் செய்யாத காசு வாங்குவதைவிட, ஓரளவு படிக்கக்கூடிய ஒரே ஒரு ஃபோலிஸை நம்பகமான விற்பனையாளரிடம் வாங்கு. தேய்ந்த காசு முப்பது நாற்பது வெள்ளிக்குள் கிடைக்கும். சுத்தம் செய்யாதவை என்று மூட்டையாக விற்பதில் நல்லதை முன்பே பொறுக்கிவிட்டிருப்பார்கள். சில போலிகளுக்குப் பசை கலந்து மண் பூசுவதும் உண்டு. வெறும் நீரில் போட்டதுமே மண் மொத்தமாகக் கழன்று, அடியில் வழவழப்பும் ஊசித்துளைகளும், விளிம்பில் வார்ப்புக் கோடும் தெரிந்தால் சந்தேகப்படு. எந்த நாட்டிலிருந்து எப்போது வந்தது என்று விற்பவரிடம் எழுத்தில் கேள். துருக்கியில் 1983-ஆம் வருஷச் சட்டப்படி மண்ணில் கிடைக்கும் பழங்காசு அரசுக்குச் சொந்தம். எங்கிருந்து வந்தது என்று சொல்ல மறுப்பவரிடம் வாங்காதே, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும்.

தொடர்பு உண்டு. யவனர் காசு, அதாவது ரோமக் காசு, கரூர் அமராவதி ஆற்று மணலில் கிடைத்திருக்கிறது, இலங்கையில் நாலாம், ஐந்தாம் நூற்றாண்டுப் பொடிச் செப்புக் காசுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. ஆறாம் நூற்றாண்டில் காஸ்மாஸ் என்ற எகிப்து வணிகர் ஒரு கதை எழுதியிருக்கிறார். சோபாத்ரஸ் என்ற ரோம வணிகரும் ஒரு பாரசீகரும் இலங்கை அரசன் முன் நிற்கிறார்கள். யாருடைய மன்னன் பெரியவன் என்று அரசன் கேட்கிறான். பாரசீகர் தம் மன்னனைப் புகழ்கிறார். சோபாத்ரஸ் அதிகம் பேசவில்லை. இருவர் காசையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்கிறார். ஒன்று பாரசீக வெள்ளி, மற்றது ஒளிவிடும் ரோமத் தங்கம். அரசன் தங்கத்தின் பக்கம் சாய்ந்தான். நீ வாங்கும் செப்புக் காசும் அந்தத் தங்கக் காசும் ஒரே பேரரசின் பணந்தான்.

பள்ளி விடுமுறையில் ஆசிய நாகரிக அரும்பொருளகத்துக்குப் போய், தாங் கப்பல் காட்சிக்கூடத்தைப் பார். சீனாவில் தாங் மரபினர் ஆண்ட காலத்தில் கடலில் மூழ்கிய கப்பல் அது. அந்தக் கப்பலில் இருந்த ஒரு கிண்ணத்தில் 826-ஆம் ஆண்டுக்கு இணையான சீனத் தேதி இருக்கிறது. மூன்று வருஷம் கழித்து, 829-இல், தியோபிலஸ் என்பவர் பைசாந்தியப் பேரரசரானார். அவர் ஃபோலிஸின் பின்பக்கம் 'தியோபிலஸ் பேரரசே, நீ வெல்கிறாய்' என்று நாலு வரியில் இருக்கும். அந்தக் காசும் அதிக விலை இல்லை, எழுத்துப் பழக நல்ல காசு.

கரூரில் தாத்தா வீட்டில் ஒரு டப்பா நிறையப் பழைய செப்புக் காசு இருக்கிறது. அடுத்த முறை போகும்போது எடுத்து வரலாமா?
– வாசகர், ஈசூன்

எடுத்து வராதீர்கள் ஐயா. இந்தியாவின் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வயதுக்கு மேற்பட்ட காசைத் தனியாள் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. நூறு வயது ஆகாதது என்று நினைத்தாலும், தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்கிக்கொண்டுதான் விமான நிலையம் போக வேண்டும். அங்கேயே வைத்துப் படியுங்கள். சாய்வெளிச்சத்தில் இருபக்கமும் படம் எடுங்கள், எடையும் விட்டமும் குறியுங்கள், தாத்தாவிடம் எந்த ஆற்றங்கரை, எந்த வருஷம் என்று கேட்டு அவர் சொல்வதை அப்படியே எழுதி டப்பாவுக்குள் போடுங்கள். கரூரில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது, அங்கே கொண்டுபோய்க் காட்டுங்கள். தாத்தாவுக்கு ஞாபகம் நன்றாக இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். இடம் தெரியாத காசிலிருந்து ஆய்வாளர்களுக்குக் கிடைக்கும் சேதி பாதிகூட இல்லை.